உம்மா பிறகு என்ன செய்தா? – நைஜர் டெல்டாவின் எண்ணெயும் எழுத்தும்

எங்களூரில் எண்ணெய் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஒன்று குசினியில் இருப்பது. மற்றது மத்திய கிழக்கில் இருப்பது. எண்பதுகளின் நடுப்பகுதியில் என் மூத்த ராத்தா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அவர் அனுப்பிய தினாரில்தான் எங்கள் கிடுகு வீடு கல்வீடானது. நான் படித்ததும் அதில்தான். எனவே, எண்ணெய் கிடைக்கின்ற பூமியென்றால் அங்கே மணலோடு மணலாகப் பணமும் கிடக்கும் என்ற எண்ணத்துடனேயே நான் வளர்ந்தேன். என் தலைமுறையினர் பலருக்கும் இதுவே அனுபவமாக இருந்திருக்கும் என நினைக்கின்றேன்.

அந்த எண்ணத்தில் முதல் கீறல் விழுந்தது அப்துர் ரஹ்மான் முனீஃபின் 'உப்பு நகரங்கள்' நாவலை ஆங்கிலத்தில் வாசித்தபோது. 1984இல் முதற்பாகம் வெளிவந்து ஐந்து பாகங்களாக விரிந்த அந்த அரபு நாவலை எழுதியவர் பெற்றோலியப் பொருளியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். எண்ணெய்த் துறையில் தொழில் பார்த்தவர். எண்ணெயை உள்ளேயிருந்து அறிந்த ஒருவர், அது ஒரு பாலைவனச் சோலையை எப்படி இல்லாமற் செய்தது என்று எழுதினார். சவூதி அரேபியா அந்நாவலைத் தடை செய்தது. அவரது குடியுரிமையையும் பறித்தது. 2004இல் அவர் டமஸ்கஸில் காலமானார். இந்நாவலை முன்வைத்து 1992இல் அமிதவ் கோஷ் எழுதிய கட்டுரையொன்றில், வாசனைத் திரவிய வியாபாரம் அளவுக்கு எண்ணெய் இலக்கியத்தைப் பிறப்பிக்கவில்லையே என்று வியந்திருந்தார்.

ஆனால் முனீஃபின் மண்ணில், எவ்வளவு சீரழிவு நேர்ந்தபோதிலும், கடைசியில் பணம் அங்கேயே தங்கியது. எங்கள் ராத்தாமாரின் சம்பளமும் அதிலிருந்துதான் வந்தது. எண்ணெய் போய், பணமும் போய், சேறு மட்டும் தங்கிய மண் ஒன்று உண்டு. அது மேற்கு ஆபிரிக்காவின் நைஜர் கழிமுகம். நைஜர் டெல்டா என்றே உலகம் அதை அறிகின்றது. அம்மண்ணின் எழுத்தைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றேன். அதற்கு முன்னர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னர் எமது வாசகர் வட்டமொன்றில் ஹெலோன் ஹபிலாவின் 'ஒயில் ஒன் வோட்டர்' நாவலைப் பற்றி நான் உரையாற்றினேன். சூழலியல் நாவல் என்றேன். பின்காலனியப் பிரதி என்றேன். விளிம்புநிலையின் குரல் என்றேன். எல்லோரும் தலையாட்டினர். கடைசியில் ஒரு இளைஞர் எழுந்து, "சேர், அவ்வளவு எண்ணெய் இருந்தும் அந்தச் சனம் ஏன் இன்னும் கஷ்டப்படுது?" என்று கேட்டார். "புறக்கணிக்கப்பட்ட பிரதேசம்" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பதில் தவறானது. இக்கட்டுரை அதைத் திருத்தும் முயற்சிதான்.

1

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சுதந்திரத்துக்கு முன்னர், சிறுபான்மையினரின் அச்சங்களை ஆராய பிரித்தானியர் ஒரு ஆணைக்குழுவை நியமித்தனர். வில்லிங்க் ஆணைக்குழு என அறியப்படுவது இதுவே. அது 1958இல் அறிக்கை சமர்ப்பித்தபோது, டெல்டா பிரதேசம் வறுமைப்பட்டது, பின்தங்கியது, கவனிப்பாரற்றது என்ற குரலைப் பதிவு செய்து, விசேட அபிவிருத்திச் சபையொன்றையும் சிபாரிசு செய்தது. அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர், 1956இல், ஒலோய்பிரி என்ற கிராமத்தில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அறிக்கை வெளியான அதே 1958இல்தான் நைஜீரியாவின் முதல் எண்ணெய்க் கப்பலும் புறப்பட்டது. அதாவது "புறக்கணிக்கப்பட்ட பிரதேசம்" என்ற பெயரும் எண்ணெய் ஏற்றுமதியும் ஒரே வயதுடையவை. அதன் பின்னர் வந்த நாளெல்லாம் அந்தப் பிரதேசத்தை யாரும் மறக்கவில்லை. அதன் மீதே எல்லோருடைய கண்ணும் இருந்தது.

எப்படியென்று பாருங்கள். 1961இல் ஒரு அபிவிருத்திச் சபை. 1976இல் ஆற்றுப்படுகை அபிவிருத்தி அதிகாரசபை. 1992இல் எண்ணெய் வளப் பிரதேசங்களுக்கான ஆணைக்குழு. 2000இல் நைஜர் டெல்டா அபிவிருத்தி ஆணைக்குழு. 2008இல் தனியான அமைச்சு. 2009இல் ஆயுததாரிகளுக்குப் பொதுமன்னிப்பு. 2021இல், எண்ணெய்க் கம்பனிகள் தமது வருடாந்த நடைமுறைச் செலவில் 3 வீதத்தை அந்தந்த ஊர்களின் நிதியத்துக்குக் கொடுக்க வேண்டுமென்ற சட்டம். புறக்கணிக்கப்பட்ட ஓர் இடத்துக்கு இத்தனை நிறுவனங்களா?

மறுபுறத்தில் வேறொரு வரிசை இருக்கின்றது. அறுபதுகளின் அரசியலமைப்பில், ஒரு பிரதேசத்தில் கிடைக்கும் வளத்தின் வருமானத்தில் 50 வீதம் அப்பிரதேசத்துக்கே உரியது. அப்போது பெரிய வருமானம் மேற்கின் கொக்கோவும் வடக்கின் நிலக்கடலையும் கிழக்கின் பாம் எண்ணெயுமாகும். அவை மூன்றும் பெரும்பான்மை இனங்களின் பிரதேசங்களில் விளைந்தவை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1969இல் பூமிக்கடியில் உள்ள எண்ணெய் முழுவதும் மத்திய அரசுக்கே சொந்தம் என்று கட்டளையிடப்பட்டது. கொக்கோவின் இடத்தை எண்ணெய் பிடிக்கப் பிடிக்க, அந்த 50 வீதம் 45 ஆகி, 20 ஆகி, எண்பதுகளின் தொடக்கத்தில் வெறும் 1.5 வீதத்துக்கு இறங்கியது. 1992இல் 3 வீதம். 1999ஆம் ஆண்டு அரசியலமைப்பில்தான் குறைந்தது 13 வீதம் என்று எழுதப்பட்டது. வளம் சிறுபான்மையினரின் சேற்றிலிருந்து வரத் தொடங்கியதும் பங்கீட்டு விதியே மாறிவிட்டது. இதைப் புறக்கணிப்பு என்று சொல்வது அதைச் செய்தவர்களுக்குச் சாதகமான சொல். புறக்கணிப்பு என்றால் ஞாபகமறதி. இங்கு நடந்தது நல்ல ஞாபகத்துடன் எழுதப்பட்ட கணக்கு.

தமிழில் எள்ளின் நெய்தான் எண்ணெய். டெல்டாவிலும் முதல் எண்ணெய் கையால் பிழிந்த பாம் எண்ணெயே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியர் அப்பகுதிக்கு 'எண்ணெய் ஆறுகள்' என்றே பெயரிட்டிருந்தனர். அந்த எண்ணெயில் ஆயிரம் கைகளுக்கு வேலை இருந்தது. பிந்திய எண்ணெய்க்கு ஒரு குழாயும் சில பொறியியலாளர்களும் போதும். ஊர் வழியாகப் போகின்ற குழாய்க்கு ஊரவர் தேவையில்லை. டெல்டாவின் பொருளாதாரச் சிக்கலின் அடி வேர் இதுவென்றே நான் கருதுகின்றேன். ஒலோய்பிரி கிணறே எழுபதுகளின் பிற்பகுதியில் கைவிடப்பட்டது. ஒரு நாட்டின் எண்ணெய் யுகத்தைத் தொடக்கி வைத்த அந்த ஊருக்கு மிஞ்சியது ஒரு பெயர்ப்பலகை.

2

இந்தக் கணக்கை இலக்கியவாதியாக இருந்துகொண்டு முதலில் படித்தவர் கென் சாரோ-விவா. அவரைத் தூக்குமேடையால் மட்டும் அறிந்திருப்பவர்களே எம்மத்தியில் அதிகம். 1995 நொவம்பர் 10ஆம் திகதி போர்ட் ஹார்க்கோர்ட் சிறையில் வேறு எட்டு ஒகோனியருடன் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முன்னர் அவர் வியாபாரி, மாநில அமைச்சர், நாட்டையே சிரிக்க வைத்த தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் ஆசிரியர். 1985இல் வெளிவந்த அவரது 'சொசாபோய்' நாவல், இலக்கணம் குலைந்த ஒரு ஆங்கிலத்தில், படையில் சேர்ந்த கிராமத்துப் பையன் ஒருவன் பேசுவதாக அமைந்தது. ஆபிரிக்க நாவல்களில் மொழியை அவ்வளவு துணிவாகக் கையாண்டவை குறைவு.

ஆனால் அந்நாவலின் மையம் போர், எண்ணெய் அல்ல. எண்ணெயைப் பற்றி எழுத வந்தபோது சாரோ-விவா நாவலை விட்டுவிட்டுப் பத்திகளுக்கும் துண்டுப்பிரசுரங்களுக்கும் சாசனங்களுக்கும் போனார். 1990இல் வெளியான ஒகோனி உரிமைச் சாசனம், தம் மண்ணிலிருந்து 30 பில்லியன் டொலர் பெறுமதியான எண்ணெய் எடுக்கப்பட்டதென்றும், அதற்கு ஈடாகக் குடிநீரோ மின்சாரமோ கிடைக்கவில்லையென்றும் கணக்குக் காட்டியது. விமர்சகர்கள் பலர் இந்த எழுத்துக்களை ஒரு படைப்பாளியின் 'சறுக்கல்' எனவோ 'தியாகம்' எனவோ பார்க்கின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. அந்த வீதங்கள் சட்டப் புத்தகத்தில் உறங்கியபோது யாரையும் சுடவில்லை. ஒரு கதைசொல்லி அவற்றைக் கையிலெடுத்து, "அன்று கொக்கோவுக்கு ஒரு நீதி, இன்று எண்ணெய்க்கு வேறொரு நீதியா?" என்ற கேள்வியாக மாற்றியபோதுதான் 1993 ஜனவரி 4ஆம் திகதி இலட்சக்கணக்கான ஒகோனியர் வீதிக்கு இறங்கினர். எண்களுக்குக் கதை கொடுப்பதும் எழுத்தாளன் வேலைதான்.

எனினும் அவர் மீதும் ஒரு விமர்சனம் வைக்க வேண்டியுள்ளது. 1994 மே மாதத்தில் நான்கு ஒகோனித் தலைவர்கள் கும்பலொன்றால் கொல்லப்பட்டனர். சாரோ-விவா தூண்டினார் என்ற குற்றச்சாட்டில்தான் இராணுவ ஆட்சி அவரைத் தூக்கிலிட்டது. அந்த விசாரணை நீதியானதல்ல என்பதை உலகமே கண்டது. ஆனாலும் அந்த நால்வரின் மரணம் உண்மையானது. ஒரு சிறிய சமூகத்துக்குள்ளேயே யார் கம்பனியோடு பேசுவது, யார் பேசக்கூடாது என்ற பிளவு எப்படி வந்தது? அதை எழுதக்கூடிய கையும் நகைச்சுவையும் அவரிடம் இருந்தன. காலம் இருக்கவில்லை. 2025 ஜூன் 12ஆம் திகதி நைஜீரிய ஜனாதிபதி அந்த ஒன்பது பேருக்கும் மரணத்துக்குப் பின்னான மன்னிப்பை அறிவித்தார். குற்றம் செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கு, குற்றமற்றவர் என்றல்லவா அறிவிக்க வேண்டும் என்று ஒகோனியர் கேட்டனர். சொற்களின் கணக்கு அங்கே இன்னும் முடியவில்லை.

3

இனி நான் முன்னர் வானளாவப் புகழ்ந்த 'ஒயில் ஒன் வோட்டர்'. 2010இல் வெளிவந்தது. பிரித்தானியப் பொறியியலாளர் ஒருவரின் மனைவி கடத்தப்படுகின்றாள். ரூஃபஸ் என்ற இளம் பத்திரிகையாளனும் சாக் என்ற முதிய பத்திரிகையாளரும் அவளைத் தேடிக் கழிமுகத்தின் கிளையாறுகளில் போகின்றனர். வழியெங்கும் செத்த மீன், செத்த பறவை, எரிந்த கிராமம். கைதிகள் மீது பெற்றோலை ஊற்றித் தண்டிக்கும் இராணுவ மேஜர் ஒருவர். நிலத்தை விற்க மறுத்த கிராமத் தலைவர் ஒருவர் சிறையில் இறந்துபோக, அந்தக் கிராமமே வள்ளங்களில் இடம் தேடி அலைகின்றது. மருத்துவர் ஒருவர் சொல்லும் உபகதை என்னை இன்றும் விட்டகலாதது. எண்ணெய் வேண்டுமென்று ஆசைப்பட்ட ஊரில் எரிவாயுச் சுவாலை ஏற்றப்படுகின்றது. இரவிலும் அணையாத அந்த வெளிச்சத்தைச் சுற்றி ஊரே கூடிக் கொண்டாடுகின்றது. பிறகு ஒவ்வொருவராகச் சாகத் தொடங்குகின்றனர்.

ஹபிலா நல்ல எழுத்தாளர். யாரையும் வெறும் வில்லனாக்காமல் எழுதியிருக்கின்றார். ரூஃபஸின் சகோதரியின் முகம் தீயில் வெந்துபோனதற்குக் காரணம், வேலையிழந்த தகப்பன் வீட்டருகே கள்ள எண்ணெயைச் சேமித்து வைத்ததுதான். குற்றத்தின் ஒரு நுனி கதைசொல்லியின் சொந்த வீட்டுக்குள்ளும் வருகின்றது. 1998 ஒக்டோபரில் ஜெஸ்ஸி என்ற இடத்தில் குழாய் வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் எரிந்து மாண்டனர். சட்டவிரோதச் சுத்திகரிப்பு நிலையமொன்றில் 2022 ஏப்ரலில் நேர்ந்த வெடிப்பிலும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். வேறு தொழில் இல்லாத ஊரில் கள்ள எண்ணெய்தான் தொழில் என்பதை நாவல் ஒரு முகத்தின் வடுவில் காட்டிவிடுகின்றது.

ஆனாலும் இரண்டாம் முறை வாசித்தபோது ஒரு குறை உறுத்தியது. நாவலின் படகு ஓரிடத்திலும் தங்குவதில்லை. பத்திரிகையாளர் வருகின்றார், ஊரவர் தம் கதையைச் சொல்கின்றனர், படகு நகர்கின்றது. ஊரவர் எல்லோரும் சாட்சிகளாகவே வருகின்றனர். மறுநாள் காலை அவர்கள் எதைச் சமைப்பார்கள், யாரிடம் கடன் வாங்குவார்கள், பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்தை எப்படிக் கட்டுவார்கள் என்பதற்கு நாவலில் இடமில்லை. வெள்ளைக்காரப் பெண்ணைத் தேடும் பயணமே கதையை நடத்துவதால், டெல்டாவின் துயரம் பாதையோரக் காட்சியாகிவிடுகின்றது. அன்று அந்த இளைஞருக்கு என்னால் பதில் சொல்ல முடியாமற் போனதற்கு இதுவும் காரணம். நாவல் எனக்குக் காட்சியைத் தந்திருந்தது, காரணத்தைத் தரவில்லை. நானும் தேடவில்லை.

4

கைனே அகாரியின் 'யெல்லோ யெல்லோ' 2006இல் வெளிவந்த சிறிய நாவல். ஹபிலாவின் மொழியழகு இதில் இல்லை. பல இடங்களில் பத்திரிகைச் செய்தி போல நேராகச் சொல்லிக்கொண்டு போகின்றது. சிலயெஃபா என்ற பெண் தன் கதையைத் தானே சொல்கின்றாள். இஜோ இனத்துத் தாய்க்கும், ஒரு காலம் தங்கிவிட்டுப் போய்விட்ட கிரேக்க மாலுமிக்கும் பிறந்தவள். 'மஞ்சள்' என்பது அவளது நிறத்தைக் குறித்து ஊர் வைத்த பெயர். பாடசாலைப் படிப்பு முடிய இன்னும் சிறிது காலம் இருக்கையில், கிராமத்தினூடாகப் போகும் எண்ணெய்க் குழாய் உடைகின்றது. தாயின் தோட்டம் எண்ணெயில் அமிழ்கின்றது. பெண் போர்ட் ஹார்க்கோர்ட் நகரத்துக்குப் போகின்றாள். அங்கே முதிய வயதுச் செல்வந்தர் ஒருவர். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி. எல்லோரும் அட்மிரல் என அழைப்பது. பிறகு கர்ப்பம், கருக்கலைப்பு.

கதைச் சுருக்கம் இவ்வளவுதான். ஆனால் ஹபிலாவின் நாவலில் இல்லாத ஒன்று இதில் இருக்கின்றது: ஒரு தோட்டம் அழிந்தால் அந்த நட்டம் எந்த வழியாக எங்கே போய் முடிகின்றது என்ற தொடர்ச்சி. குழாய் உடைந்தது, தோட்டம் போனது, பிள்ளையின் படிப்புக்கு இருந்த ஒரே வழி அடைபட்டது, பிள்ளை நகரத்துக்குப் போனாள், அங்கே எண்ணெய்ப் பணம் வைத்திருப்பவரின் கட்டிலுக்குப் போனாள். அந்தப் பணக்காரர் வெள்ளையரும் அல்ல, அந்நியரும் அல்ல, உள்நாட்டு மனிதர்.

இதுதான் பலரும் எழுதத் தயங்கிய பகுதி. 13 வீதம் வந்த பின்னர் டெல்டா மாநிலங்களின் கைக்குப் பெரும்பணம் வந்தது. பேயல்சா மாநில ஆளுநர் அலமியேசேகா 2005இல் பணச் சலவைக் குற்றச்சாட்டில் இலண்டனில் கைதானார். டெல்டா மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் இபோரி 2012இல் இலண்டன் நீதிமன்றமொன்றால் 13 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். அபிவிருத்தி ஆணைக்குழுவின் கணக்கை ஆராயும் தடயவியல் தணிக்கை 2021இல் முடிந்தபோது, 13,000க்கு மேற்பட்ட திட்டங்கள் கேள்விக்குள்ளாயின. 2020 ஜூலையில் பாராளுமன்றக் குழு அதே ஆணைக்குழுவின் தற்காலிகத் தலைவரை விசாரித்துக்கொண்டிருந்தபோது அவர் மயங்கிச் சரிந்த காட்சி தொலைக்காட்சியில் போனது. அபிவிருத்தி நிதியும் இன்னொரு எண்ணெய்க் கிணறாகிவிட்டது. 2009இன் பொதுமன்னிப்பும் அப்படித்தான். ஆயுதம் தூக்கிய ஏறத்தாழ 30,000 பேருக்கு மாதம் 65,000 நைரா. தோட்டம் இழந்த தாய்மார் ஆயுதம் தூக்காததால் அவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அகாரியின் நாவல் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2008இல் இதற்கு நைஜீரிய இலக்கியப் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை வழங்குவது நைஜீரியத் திரவ இயற்கை வாயுக் கம்பனி. அரச எண்ணெய்க் கூட்டுத்தாபனமும் ஷெல் உள்ளிட்ட பல்தேசியக் கம்பனிகளும் அதன் பங்காளர். ஆலை இருப்பது டெல்டாவின் பொன்னி தீவில். இன்று அப்பரிசின் பெறுமதி ஒரு இலட்சம் டொலர். குழாய் உடைந்து தோட்டம் அழிந்த கதைக்குக் குழாய்க்காரரே பரிசு கொடுக்கின்றனர். இதைக் கேட்டதும் எமது நண்பர்கள் சிலர், அப்படியென்றால் அந்த நாவலே 'விலைபோனது' என்பார்கள். நான் அவ்வாறு சொல்லமாட்டேன். நாவல் பரிசுக்கு முன்னரே எழுதப்பட்டது. அதன் ஒரு வரியும் மாறவில்லை. ஆனால் ஒரு நாட்டின் மிகப் பெரிய இலக்கியப் பரிசே எண்ணெயிலிருந்து வருகின்றதென்றால், எழுதப்படாமற் போகும் நாவல்களைப் பற்றி நாம் யோசிக்க வேண்டியிருக்கின்றது. எழுதப்பட்டவற்றைக் குறை சொல்வது இலகு.

5

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ராத்தா வீட்டுக்கு வந்திருந்தார். குவைத்திலிருந்து அவர் திரும்பி வந்து வருடங்கள் பல. நாவல் எதுவும் வாசிப்பவர் அல்லர். என்ன எழுதுகின்றாய் என்று கேட்டதனால் சிலயெஃபாவின் கதையைச் சொன்னேன். குழாய் உடைந்தது, தோட்டம் போனது, மகள் பட்டணம் போனாள் என்று அடுக்கிக்கொண்டு போனேன். அட்மிரல் வரைக்கும் வந்துவிட்டேன். அவர் இடைமறித்து, "அது சரி, அந்தப் புள்ளட உம்மா பொறவு என்ன செஞ்சா?" என்று கேட்டார்.

நான் நாவலைத் திரும்பப் புரட்டினேன். தாய் கிராமத்திலேயே இருக்கின்றாள். மகளின் நினைவில் வருகின்றாள். அவள் என்ன செய்தாள் என்பதற்கு மகள் நகரம் போன பின் நாவலில் பெரிய இடமில்லை. அகாரியும் தன் கதாநாயகியுடன் பஸ்ஸேறிவிட்டார். இத்தனை விமர்சனங்களில் எவரும் கேட்காத கேள்வி இது. வெளிநாடு போன மகளாக இருந்து, பின்னால் விடப்பட்ட உம்மாவை நினைத்து நினைத்து அழுத ஒருத்திக்குத்தான் கேட்கத் தோன்றியது.

அந்தக் கேள்விக்கு நாவலுக்கு வெளியே பதில் தேடலாம். போடோ என்ற ஒகோனி ஊரில் 2008இல் குழாய்கள் உடைந்தன. கண்டல் காடும் கழிமுகமும் கறுத்தன. கசிந்த அளவு குறைவு என்று முதலில் சொன்ன ஷெல் கம்பனி, அக்கணக்கு பிழை என்பதை 2014இல் ஒப்புக்கொண்டது. வழக்கு இலண்டன் வரை போய், 2015 ஜனவரியில் 55 மில்லியன் பவுண் நட்டஈட்டுடன் முடிந்தது. அதில் 35 மில்லியன் 15,600 பேருக்கு. ஆளுக்கு ஏறத்தாழ 2,200 பவுண். மிகுதி ஊருக்கு. அந்த ஆறு வருடங்களும் அவர்கள் சாப்பிட்டார்கள் அல்லவா? எப்படி? தம் கழிமுகத்தில் பிடித்த மீனை விற்ற ஊர், இறக்குமதியான உறைமீனைக் காசு கொடுத்து வாங்கியது.

வேறொரு ஒகோனி ஊரில் குடிநீர்க் கிணறுகளில் பென்சீன் நச்சு, உலக சுகாதார நிறுவனத்தின் அளவைவிட 900 மடங்கு இருந்ததாக ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2011இல் அறிவித்தது. முழுமையாகச் சுத்திகரிக்க 25 தொடக்கம் 30 வருடங்கள் பிடிக்கும் என்றது. சுத்திகரிப்பை அரசு தொடக்கி வைத்தது 2016இல். குழாயை உடைத்தது மூன்றாம் ஆள் என்று தீர்மானமானால் நட்டஈடே இல்லை என்பது அங்குள்ள சட்டம். 2025 மார்ச்சில் ஷெல் தன் தரைப்பகுதி எண்ணெய் வயல்களை உள்நாட்டுக் கூட்டுக் கம்பனியொன்றுக்கு விற்று முடித்தது. பழைய குழாய்க்கும் பழைய சேற்றுக்கும் இனி யார் பொறுப்பு என்று ஊரவர் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

இந்த ஒவ்வொரு வருடத்திலும் ஒரு உம்மா இருக்கின்றா. கடன் வாங்கியிருப்பா, நகையை அடகு வைத்திருப்பா, தூரத்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பா, விரத்தியில் மகனைக் கள்ள எண்ணெய்க்கு அனுப்பியுமிருப்பா. பொருளியல் அறிக்கைகள் இவற்றை 'வாழ்வாதார இழப்பு' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடும். முடிக்காமல் எழுதுவதற்குத்தானே நாவல் இருக்கின்றது? டெல்டாவின் எழுத்து கொடுமையைக் காட்டியிருக்கின்றது, கொள்ளையைக் காட்டியிருக்கின்றது, துப்பாக்கியைக் காட்டியிருக்கின்றது. கொடுமை நடந்த மறுநாளிலிருந்து வழக்கு முடியும் நாள் வரைக்குமான அந்த நீண்ட இடைவெளியை இந்த நூல்கள் எழுதவில்லை. அபிவிருத்தி என்பது அந்த இடைவெளியில்தான் நடக்கின்றது, அல்லது நடக்காமல் போகின்றது.

அந்த இளைஞருக்கு இன்று நான் சொல்லக்கூடிய பதில் இது: தம்பி, அந்தச் சனத்தை யாரும் மறக்கவில்லை. அவர்களது காலடியில் இருந்ததை எடுக்க ஒரு சட்டம் வந்தது. எடுத்ததில் பங்கு கொடுக்காமலிருக்க இன்னொரு விதி வந்தது. பங்கு வந்தபோது அதைப் பிடித்துக்கொள்ள அவர்களுக்குள்ளேயே ஆட்கள் இருந்தார்கள். பழுதானதற்கு ஈடு கேட்டபோது வருடங்கள் போயின. இதற்குள் உழைக்கும் கைக்கு எங்கேயும் வேலை கொடுக்கப்படவில்லை. நான் அன்று இதை ஒரு சொல்லுக்குள் அடக்கியது பிழை.

எமது மன்னார்க் கடற்படுகையிலும் இயற்கை வாயு இருப்பது 2011இல் கண்டறியப்பட்டது. இன்றுவரை அது வெளியே எடுக்கப்படவில்லை. ஒரு நாள் எடுக்கப்படலாம். அப்போது அந்தக் கரையோரத்து மீனவக் குடும்பங்களைப் பற்றி, முஸ்லிம்களாயினும் தமிழர்களாயினும், எழுத வருகின்றவர் முதலில் பங்கீட்டு விதியைப் படிக்கட்டும் என்று சாரோ-விவாவை முன்னிறுத்தி வேண்டிக்கொள்வேன்.

இந்த நூல்களில் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவர யாராவது என்னிடம் ஆலோசனை கேட்டால், ஹபிலாவுக்கு முன்னர் அகாரியைச் சொல்வேன். மொழி சாதாரணமானதுதான். ஆனால் நாவல் வாசிக்காத என் ராத்தாவைக் கேள்வி கேட்க வைத்தது அந்தக் கதைதான்.